ஆழ்கடல் படகுகளில் ராடாரும் எக்கோ சவுண்டரும்: தடைக்காலத்திலேயே பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலம், படகுகளைச் செப்பனிடும் காலமும் ஆகும். அடிப்பாகத்தைச் சுரண்டிச் சாயம் பூசுகிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வலையையும் தூண்டில் கயிற்றையும் சீர்செய்கிறார்கள். ஆனால் படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் இருக்கும் ராடாரையும், ஒலி அலையால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரையும் யாரும் தொடுவதில்லை. அவை ஒளிர்கின்றன என்றால் வேலை செய்கின்றன என்றே பொருள் கொள்ளப்படுகிறது. படகுகளில் இக்கருவிகளைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் வருபவன் என்ற முறையில், இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக மீனவர்களுக்கும் மீன்வளத் துறைக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். தவறாக அமைக்கப்பட்ட ராடார், ராடாரே இல்லாத படகைவிட மோசமான நிலையில் ஓட்டுநரை நிறுத்திவிடுகிறது. ஏனெனில் திரை வெறுமையாக இருப்பதைப் பார்த்து அவர் கடலும் வெறுமையாக இருப்பதாக நம்பிவிடுகிறார்.

இந்த அச்சம் கற்பனையானது அன்று. 2017 ஜூன் 11 அன்று கொச்சிக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கார்மல் மாதா படகின் மீது பனாமா கொடியேந்திய ஆம்பர் எல் என்ற சரக்குக் கப்பல் மோதியது. 2018 ஆகஸ்ட் 7 அன்று, முனம்பத்திலிருந்து சென்ற ஓஷியானிக் படகு கப்பல் மோதி மூழ்கியபோது அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 2021 ஏப்ரலில் பேப்பூரிலிருந்து புறப்பட்ட ரபா படகும் சிங்கப்பூர்க் கொடியேந்திய ஏபிஎல் லே ஹாவ்ர் கப்பலும் மங்களூருக்கு அப்பால் மோதிக்கொண்டன. படகிலிருந்த 14 பேரில் இருவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர். மூன்றுமே நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் நடந்தவை. இவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை விசாரணைகளும் நீதிமன்றங்களும் முடிவு செய்யட்டும். என் கவலை, இனி கடலுக்குப் போகவிருக்கும் படகுகளைப் பற்றியது. ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் கப்பல்கள் இலங்கையைச் சுற்றிச் செல்லும் பாதையும், மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்குச் செல்லும் பாதைகளும், நம் தூத்தூர், இனயம், வள்ளவிளைப் படகுகள் சுறாவும் சூரையும் தேடிப் போகும் நீர்ப்பரப்பை வெட்டிக்கொண்டுதான் செல்கின்றன. அந்தப் பாதைகள் மாறப் போவதில்லை.

ராடாரில் நான் முதலில் பார்ப்பது சீ கிளட்டர் அமைப்பைத்தான். அலைகளின் முகப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி, திரையின் நடுவே, அதாவது நம் படகைச் சுற்றிச் சில மைல் தொலைவுக்கு, புள்ளிப் புள்ளியாகப் படரும். காற்று வரும் திசையில் அது மிகுதியாக இருக்கும். இது கண்ணை உறுத்துவதால் பலரும் சீ கிளட்டர் திருகியை முழுவதுமாக ஏற்றித் திரையைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிடுகிறார்கள். அந்தத் திருகி செய்வது, அருகிலிருந்து வரும் எதிரொலிகள் எல்லாவற்றையும் கருவி எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும் என்பதைக் குறைப்பதே ஆகும். அலையின் எதிரொலி எது, ஃபைபர் வள்ளத்தின் எதிரொலி எது என்று அதற்குத் தெரியாது. ஃபைபரும் மரமும் ராடார் அலையை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புபவை. அலைகளை அழிக்கும் அளவுக்குத் திருகியை ஏற்றினால் அவற்றோடு வள்ளமும் கட்டுமரமும் அழிந்துபோகும். ஆகவே முறை இதுதான்: சீ கிளட்டரையும், மழையின் எதிரொலியைக் குறைக்கும் ரெயின் கிளட்டரையும் முதலில் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய ரேஞ்சில், அதாவது திரை அதிகத் தொலைவைக் காட்டும்படி வைத்துக்கொண்டு, பின்னணியில் மெல்லிய புள்ளிகள் தோன்றத் தொடங்கும்வரை கெயினை (கருவியின் உணர்திறனை) உயர்த்த வேண்டும். பிறகு சிறிய ரேஞ்சுக்கு வந்து, சீ கிளட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அலைப்புள்ளிகள் சிறு சிறு துகள்களாகக் குறையும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். சில புள்ளிகள் எஞ்சியிருக்கத்தான் வேண்டும். உண்மையான படகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தோன்றும். அலை இடம் மாறி மாறித் தோன்றும். இந்த வேறுபாட்டைக் காணப் பழகிய கண்ணை எந்தத் திருகியாலும் ஈடுசெய்ய முடியாது. காற்று மாறினால், கடல் அடங்கினால், மறுபடியும் சரிசெய்ய வேண்டும். நேற்றிரவு கொந்தளிப்பில் ஏற்றி வைத்த அமைப்போடு இன்றிரவு அமைதியான கடலில் போவது, கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்கு ஒப்பானது.

மழைக்கான அமைப்பும் இப்படியே. மழைமேகத்துக்குள் கப்பல் ஒளிந்திருக்கலாம் என்று ஐயப்படும் வேளையில் ரெயின் கிளட்டரை உயர்த்திப் பார்க்கலாம். மழை நின்றதும் அதைச் சுழியத்துக்கு இறக்க மறக்கக் கூடாது. தானியங்கி அமைப்புகள் முன்பைவிட மேம்பட்டுள்ளன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் துறைமுகத்துக்கு என்று ஓர் ஆட்டோ, ஆழ்கடலுக்கு என்று ஓர் ஆட்டோ எனப் பிரித்து வைத்திருக்கும் கருவிகளில், துறைமுக அமைப்பிலேயே வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் படகுகளைப் பார்க்கிறேன்.

விற்பனையின்போது சொல்லப்படும் தொலைவும் தவறான நம்பிக்கையைத் தருகிறது. 36 மைல் ராடார் என்று வாங்குகிறார்கள். ராடார் அலை அடிவானத்தைத் தாண்டி அதிகம் வளையாது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால் அதன் ராடார் அடிவானம் கடல் மைலில் கிடைக்கும். எதிரில் உள்ள பொருளின் உயரத்துக்கும் இதே கணக்கைச் செய்து இரண்டையும் கூட்ட வேண்டும். நம் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் 4.4 மைல். 36 மீட்டர் உயரமுள்ள கப்பலுக்கு 13.2 மைல். ஆக அந்தக் கப்பலை ஏறத்தாழ 17.6 மைலில் காண வாய்ப்புண்டு. நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டரே எழும் வள்ளத்தையோ 6 மைலுக்குச் சற்று மேல்தான், அதுவும் ஏட்டுக் கணக்கில் மட்டும். ராடார் கற்றையின் அகலமும் கவனிக்கத்தக்கது. 60 சென்டிமீட்டர் அளவுள்ள குமிழ் ஆன்டெனாவின் கற்றை ஏறத்தாழ 4 பாகை அகலம் கொண்டது. 6 மைல் தொலைவில் அது முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் விரிந்திருக்கும். அருகருகே போகும் இரண்டு படகுகள் அங்கே ஒரே புள்ளியாகத் தெரிவதில் வியப்பில்லை. இதனால்தான் ஒரே ரேஞ்சில் கருவியை விட்டுவிடக் கூடாது என்கிறோம். 12 மைலில் கப்பல்களைத் தேடி, 6 மைலுக்கு இறங்கி அவற்றின் போக்கைப் பார்த்து, 1.5 மைலில் அண்மையில் உள்ள வள்ளங்களைக் கவனித்து, மறுபடியும் 12க்குத் திரும்ப வேண்டும்.

திரையில் ஒரு புள்ளி தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? அது நம்மை நோக்கி வருகிறதா என்பதே கேள்வி. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 7ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. நெருங்கி வரும் கலத்தின் திசைக்கோணம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லையென்றால் மோதல் அபாயம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். குறைவான தகவலை, அதிலும் குறிப்பாகக் குறைவான ராடார் தகவலை வைத்து எதையும் ஊகிக்கக் கூடாது. ஒவ்வொரு ராடாரிலும் உள்ள மின்னணுத் திசைக்கோட்டை அந்தப் புள்ளியின் மேல் வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பார்த்தால் போதும். புள்ளி கோட்டை விட்டு விலகிச் சென்றால் அது நமக்கு முன்னாலோ பின்னாலோ கடந்து போகும். கோட்டின் மேலேயே நழுவி நடுப்புள்ளியை நோக்கி வந்தால் அது நம் மேல்தான் வருகிறது. இவ்வளவு எளிமையான, இவ்வளவு உயிர்காக்கும் வசதியைப் பயன்படுத்தத் தெரியாத ஓட்டுநர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது அவர்களின் குறை அன்று. கருவியை விற்றவரும் மானியம் தந்தவரும் கற்றுத்தரவில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. படகின் முகம் மேலே இருக்கும்படி அமைந்த திரையில், படகு இருபுறமும் ஆடும்போது படம் முழுவதும் சுழலும். அப்போது திசைக்கோட்டுக் கணக்குப் பிசகும். திசை உணரி இணைக்கப்பட்டிருந்தால் வடக்கு மேலே இருக்கும் அமைப்பைப் பயன்படுத்துவது நல்லது. இல்லையென்றால் பார்க்கும் சில நிமிடங்களாவது படகை நேராகப் பிடிக்க வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, வலையையோ தூண்டிலையோ விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தி மிதக்கும் இரவு நேரத்தைப் பற்றி. பகல் முழுவதும் உழைத்தவர்கள் உறங்குகிறார்கள். பேட்டரி இறங்கிவிடும் என்று ராடாரை அணைத்துவிடுகிறார்கள். கப்பல் மோதும் அபாயம் மிகுந்த நேரமும் இதுதான். மேக்னட்ரான் (ராடார் அலையை உண்டாக்கும் குழல்) உள்ள ராடாரை முழுவதும் அணைத்துவிட்டால், மறுபடி சூடேறிப் படம் காட்ட ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பல ராடார்களில், குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை விழித்துச் சில சுற்றுகள் பார்த்துவிட்டு மறுபடி ஸ்டாண்ட்பைக்கு (அலை அனுப்பாமல் காத்திருக்கும் நிலைக்கு) செல்லும் காவல் அமைப்பு இருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த இது நல்ல வழி. ஆனால் இடைவெளியை எவ்வளவு வைப்பது? 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் 20 நிமிடத்தில் 6 கடல் மைலைக் கடந்துவிடும். 10 நிமிடத்தில் 3 மைல். 5 நிமிடத்தில் ஒன்றரை மைல். 3 மைல் ஆரத்தில் எச்சரிக்கை வளையம் அமைத்துவிட்டு 20 நிமிட இடைவெளி வைத்தவருக்கு, ராடார் ஒருமுறை தூங்கி எழுவதற்குள் கப்பல் வளையத்தைக் கடந்து வந்து போயிருக்கும். இந்தக் கணக்கை ஒவ்வொரு படகிலும் போட்டுப் பார்த்துத்தான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். எச்சரிக்கை மணியும் திரையில் தெரியும் எதிரொலிக்குத்தான் ஒலிக்கும். சீ கிளட்டரால் அழிக்கப்பட்ட படகுக்கு அது ஒலிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாலும் காதாலும் எப்போதும் காவல் இருக்க வேண்டும் என்பது 5ஆம் விதி. எந்தக் கருவி இருந்தாலும் அந்தக் கடமை நீங்காது. 10, 12 பேர் போகும் படகில் முறை வைத்து ஒருவர் விழித்திருப்பது இயலாத செயல் அன்று.

ஒரு கலம் தன் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி வந்த பிறகு ராடார் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஏஐஎஸ் தன்னை அறிவித்துக்கொள்ளும் கலத்தை மட்டுமே காட்டும்; அது பொருத்தப்படாத வள்ளம், அதை அணைத்து வைத்த படகு, மிதக்கும் மரம் எதையும் காட்டாது. இரண்டும் ஒன்றையொன்று நிரப்ப வேண்டியவை. மறுபுறம், நாம் கப்பலைப் பார்ப்பது ஒன்று, கப்பல் நம்மைப் பார்ப்பது வேறொன்று. பெரிய கப்பலை ஓட்டும் மேடையில் (பிரிட்ஜில்) நிற்பவருக்கு, கப்பலின் முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடல் கண்ணில் படாமல் இருக்கப் பன்னாட்டு விதிகளே இடம் தருகின்றன. ஃபைபர் படகின் உச்சியில் ஓர் அலுமினிய ராடார் பிரதிபலிப்பானைக் கட்டுவது குறைந்த செலவில் செய்யக்கூடிய வேலை. அதை உயரத்தில், எதுவும் மறைக்காத இடத்தில் கட்ட வேண்டும். வீல்ஹவுஸ் கூரையில் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே அது கிடந்தால் பயனில்லை. விளக்குகளிலும் கவனம் தேவை. செவுள்வலையும் தூண்டிலும் இடும் படகுக்குச் சிவப்புக்குக் கீழே வெள்ளை, இழுவைமடிப் படகுக்குப் பச்சைக்குக் கீழே வெள்ளை என்பது விதி. தளத்தில் எரியும் பெரும் வெள்ளை விளக்குகளின் ஒளிவெள்ளத்தில் இந்த அடையாள விளக்குகள் கரைந்துவிடுவதால், கப்பலில் இருப்பவருக்கு நாம் மீன்பிடிக்கும் படகு என்பதே தெரியாமல் போகிறது.

மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குக் கப்பல்தான் வழிவிட வேண்டும் என்பது நம் மீனவர்கள் நன்கறிந்த விதி. ஆனால் அது ஒரு கலம் மற்றொன்றைக் கண்ணால் காணும் நிலைமைக்கு மட்டுமே பொருந்தும். கனமழையிலும் பனிமூட்டத்திலும் 19ஆம் விதிதான் நடைமுறை. அங்கே யாருக்கும் முன்னுரிமை கிடையாது. ராடாரில் மட்டும் தெரியும் கலம் நம் முன்புறத்தில் இருந்தால், நாம் முந்திச் செல்லும் கலமாக அது இருந்தாலன்றி, இடப்பக்கம் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும் என்று அந்த விதி கூறுகிறது. மழைக்குள் கப்பல் நமக்கு வழிவிடும் என்று காத்திருப்பது விதியின்படியும் தவறு.

எக்கோ சவுண்டரைப் பெரும்பாலோர் மீன் தேடும் கருவியாகவே பார்க்கிறார்கள். படகைக் காப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதற்குத் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மணல் சேர்ந்து ஆழம் குறையும் அந்த இடத்தில் அலை உடையும்போது நீரில் காற்றுக் குமிழ்கள் நிறைகின்றன. ஒலி அலை அவற்றில் சிதறுவதால் கருவி தரையைத் தவறவிடும். பல கருவிகளில் அப்போது ஆழ எண் மினுக்கும், அல்லது கோடுகளாக மாறும். சிலவற்றில் கடைசியாகப் பார்த்த எண்ணே நின்றுவிடும். ஆழம் குறைந்த இடத்தில் கெயின் மிகுந்திருந்தால் இன்னொரு கேடும் உண்டு. தரையில் பட்ட ஒலி மேலே வந்து, நீர்ப்பரப்பில் மோதி, மறுபடியும் தரைக்குப் போய்த் திரும்பும்; அந்த இரண்டாம் எதிரொலியைத் தரை என்று கருவி பிடித்துக்கொண்டால் 3 மீட்டர் ஆழத்தை 6 மீட்டர் என்று காட்டும். ஆகவே துறைமுகத்தை நெருங்கும்போது ரேஞ்சைக் கையால் குறைத்து, 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றி, கெயினையும் இறக்கிக்கொள்ள வேண்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழ்கடலுக்கு உரியது. அது ஆழமாகவும் அகலமாகவும் செல்லும். 200 கிலோஹெர்ட்ஸ் ஆழம் குறைந்த இடத்தில் நுட்பமாகப் பார்க்கும். ஆழ எண் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதும் முக்கியம். படகின் அடியில் ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும் டிரான்ஸ்டியூசரிலிருந்து தரைவரை உள்ள தொலைவையே கருவி காட்டும். டிரான்ஸ்டியூசருக்குக் கீழே ஏராக்கட்டை (படகின் அடிநடுக் கட்டை) அரை மீட்டர் இறங்கியிருந்தால், திரையில் 1 மீட்டர் என்று இருக்கும்போது நமக்கு மிச்சமிருப்பது அரை மீட்டர்தான். இந்த வேறுபாட்டைக் கருவியிலேயே பதிந்துவிட முடியும். பதியாத படகுகளே மிகுதி.

மீன் தேடும் வேலையிலும் அமைப்பு தவறினால் எரிபொருள்தான் வீணாகும். ஆழம் மிகுந்த இடத்தில் கெயினைக் குறைத்து வைத்தால் மீன்கூட்டத்தின் மெல்லிய எதிரொலி மறைந்துபோகும். நீந்துபை இல்லாத கணவாயின் எதிரொலி இயல்பிலேயே வலுக்குறைந்தது. பக்கத்துப் படகின் சவுண்டரால் திரையில் சாய்கோடுகள் விழுந்தால் கெயினைக் குறைக்கக் கூடாது. அதற்கென்று உள்ள குறுக்கீடு நீக்கும் அமைப்பைத்தான் உயர்த்த வேண்டும். இப்போது தடைக்காலத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு: டிரான்ஸ்டியூசரின் முகத்தில் ஒட்டிய சிப்பிகளை அதன் பரப்பு கீறாமல் நீக்க வேண்டும், படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் தடித்த சாயத்தை அதன் மேல் பூசக் கூடாது, படகு கரையில் இருக்கும்போது சவுண்டரை இயக்கி வைக்கவும் கூடாது.

ராடாரின் உடல்சார்ந்த ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். திறந்த கையாகச் சுழலும் ஆன்டெனாவின் முகத்துக்கு நேராக, அருகில், அது இயங்கும்போது நிற்கக் கூடாது. விளக்கு மாற்றவோ கொடி கட்டவோ ஒருவர் பாய்மரத்தில் ஏறினால் அவர் இறங்கும்வரை ராடாரின் பிரேக்கரை அணைத்து, யாரும் போடாதபடி ஓர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஸ்டாண்ட்பை மட்டும் போதாது, ஏனெனில் வீல்ஹவுஸில் இருப்பவர் தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தினால் அது சுழலத் தொடங்கிவிடும். மேக்னட்ரான் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டு. அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது எஞ்சியிருக்கலாம். ஆகவே மூடியைத் திறந்து பார்க்கும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது.

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் 2020 முதல் படகுகளின் தொடர்பு, கண்காணிப்புக் கருவிகளுக்கு உதவி வழங்கப்படுகிறது. அந்த உதவியை நான் வரவேற்கிறேன். ஆனால் கருவியோடு பயிற்சியும் சேர்ந்து வர வேண்டும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்வளக் கடற்கலை, பொறியியல் பயிற்சி நிறுவனத்துக்குச் சென்னையிலும் ஒரு பிரிவு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றின் ஆசிரியர்கள் தடைக்காலத்தில் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் வந்து, வகுப்பறையில் அல்லாமல் மீனவரின் சொந்தப் படகில், அவரிடம் உள்ள அதே கருவியில் கற்றுத்தர வேண்டும். தடைக்காலம் முடிந்த முதல் நாட்களில், தெளிந்த பகலில், முட்டம் கலங்கரை விளக்கத்தையும் அலைத்தடுப்புச் சுவரையும் கண்ணால் பார்த்துக்கொண்டே திரையிலும் பார்க்கச் செய்தால், ராடாரின் திசை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதும் தெரியும். கண்ணில் தெரியும் வள்ளம் திரையில் எப்போது மறைகிறது என்பதும் ஓட்டுநருக்கு விளங்கும். நல்ல வானிலையில் பழகாத கருவியை நடுமழையில் கையாள யாராலும் முடியாது.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அலுவலர்கள் ஒவ்வொரு விசைப்படகையும் நேரில் வந்து ஆய்வு செய்கிறார்கள். பதிவு எண், எஞ்சின், உயிர்காப்புச் சட்டைகள் ஆகியவற்றைப் பார்க்கும் அந்த ஆய்வில், ராடார் உள்ள படகின் ஓட்டுநரை அதை இயக்கச் சொல்லி, சீ கிளட்டரைச் சுழியத்திலிருந்து சரிசெய்து காட்டச் சொல்லி, திசைக்கோட்டை ஒரு புள்ளியின் மேல் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று மீன்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தெரியாதவருக்கு அபராதம் வேண்டாம். அவருடைய பெயரைப் பயிற்சிப் பட்டியலில் சேர்த்து, ஆகஸ்டில் படகு புறப்படுவதற்குள் கற்றுத்தந்தால் போதும்.

இப்படிக்கு,
கடல்சார் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன்,
கன்னியாகுமரி மாவட்டம்